ராய் கீனைப் பார்த்து நடுக்களம் படிப்பது எப்படி

கோல் கணக்கை மட்டும் எடுத்தால் அயர்லாந்தின் மிட்ஃபீல்டர் (நடுக்கள வீரர்) ராய் கீன் பெரிய ஆட்டக்காரராகத் தெரிய மாட்டார். மான்செஸ்டர் யுனைடெட்டுக்காக எல்லாப் போட்டிகளையும் சேர்த்து 480 ஆட்டங்கள், 51 கோல். அயர்லாந்துக்காக 67 ஆட்டங்கள், 9 கோல். ஆனால் அவர் யுனைடெட்டில் ஆடிய 12 ஆண்டுகளில் அந்த அணி 7 முறை பிரீமியர் லீக்கையும் 4 முறை எஃப்.ஏ. கோப்பையையும் தூக்கியது. கணக்கில் வராத அந்த வேலை என்ன என்பதைக் கண்ணால் பிடிக்கப் பழகினால் எந்த மிட்ஃபீல்டரையும் படிக்கலாம். சொந்த ஆட்டத்தையும் திருத்திக்கொள்ளலாம். இளம் வீரர்களுக்கும், பயிற்சி கொடுப்பவர்களுக்கும், கால்பந்து பற்றி எழுத நினைப்பவர்களுக்கும் ஏற்ற முறை இது.

தேவையானவை அதிகமில்லை. ஆறு முழு ஆட்டங்களின் பதிவு, கோடு போட்ட நோட்டு, பென்சில், பத்து வினாடி பின்னால் தள்ளக்கூடிய வீடியோ பிளேயர், இவ்வளவுதான். ஹைலைட்ஸ் உதவாது. பத்து நிமிடச் சுருக்கத்தில் கோலும் சண்டையும் சிவப்பு அட்டையும்தான் இருக்கும். நடுக்கள வீரரின் வேலை முழுக்க அதில் வெட்டித் தள்ளப்பட்ட எண்பது நிமிடத்தில்தான் கிடக்கிறது. ஓர் ஆட்டத்தை ஒழுங்காகக் குறித்து முடிக்க நான்கு மணி நேரம் ஆகும். ஒரே நாளில் இரண்டு ஆட்டம் பார்க்கக் கூடாது. இரண்டாவதில் கை தானாகக் கோடு போடும், கண் பார்க்காது.

முதலில் காலவரிசை

வீடியோவைத் திறப்பதற்கு முன்னால் ஒரு பக்கத்தில் அவருடைய ஆட்ட வாழ்க்கையை ஐந்து துண்டாகப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஆள் ஐந்து விதமாக ஆடியிருக்கிறார். எந்தத் துண்டைப் பார்க்கிறோம் என்று தெரியாமல் பார்த்தால் ஒன்றை ஒன்றோடு குழப்பிக்கொள்வோம்.

முதல் துண்டு அயர்லாந்தின் கார்க் நகரம். 1971 ஆகஸ்ட் 10 அன்று பிறந்தவர். மேஃபீல்டு பகுதியில் வளர்ந்து, ராக்மவுண்ட் என்ற உள்ளூர் கிளப்பில் ஆடினார். உடம்பு சிறியது என்று சொல்லிப் பள்ளி வயது அயர்லாந்து அணித் தேர்வில் ஒதுக்கினார்கள். அவரோடு ஆடிய பையன்கள் பதினைந்து, பதினாறு வயதில் இங்கிலாந்து கிளப்புகளுக்குக் கப்பலேறியபோது அவர் ஊரிலேயே இருந்தார். 1989-ல் கோப் ராம்ப்ளர்ஸ் என்ற பகுதிநேரத் தொழில்முறை அணியில் சேர்ந்தார். அரசின் வேலைப் பயிற்சித் திட்டம் ஒன்றின் கீழ் டப்ளின் பாமர்ஸ்டவுனில் முழுநேரக் கால்பந்துப் பயிற்சி கிடைத்தது. உடம்பு தேறியது அங்கேதான். இளையோர் கோப்பையில் பெல்வெடேருக்கு எதிராக ஆடியதைப் பார்த்து நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கிளப்பின் தேர்வாளர் நோயல் மெக்கேப் பெயரைக் குறித்துக்கொண்டார். 1990 கோடையில் 47,000 பவுண்டுக்கு ஃபாரஸ்ட் வாங்கியது. இந்தத் துண்டுக்குப் பார்க்க வீடியோ தேட வேண்டாம். ஆனால் கட்டாயம் எழுதிவைக்க வேண்டும். பதினெட்டு வயதுவரை பெரிய அகாடமி வாசலை மிதிக்காத ஒருவர் பின்னால் எதைச் சேர்த்துக்கொண்டார் என்பதை அளக்க இதுதான் தொடக்கக் கோடு.

இரண்டாவது, ஃபாரஸ்ட், 1990 முதல் 1993 வரை. 1990 ஆகஸ்ட் 28 அன்று ஆன்ஃபீல்டில் லிவர்பூலுக்கு எதிராக முதல் ஆட்டம். ஃபாரஸ்ட் மேலாளர் பிரையன் கிளஃப் அவரை உடனே களத்தில் இறக்கிவிட்டார். 114 லீக் ஆட்டங்களில் 22 கோல். ஐந்து ஆட்டத்துக்கு ஒன்று என்ற இந்த வேகம் யுனைடெட்டில் பத்துக்கு ஒன்றாகக் குறைந்தது. திறமை தேய்ந்துவிட்டது என்று இதை வாசிக்கக் கூடாது, வேலை மாறியது. ஃபாரஸ்டில் ஒரு பக்கப் பெனால்டி பெட்டியிலிருந்து மறுபக்கப் பெட்டிவரை ஓடிப் பின்னாலிருந்து வந்து அடிப்பவர். 1993-ல் அணி லீக்கில் கடைசி இடத்துக்குப் போய்க் கீழ் லீக்குக்கு இறங்கியது. அப்போது பிரிட்டனின் அதிகபட்சத் தொகையான 37.5 லட்சம் பவுண்டுக்கு யுனைடெட் வாங்கியது.

மூன்றாவது, 1993 முதல் 1997 செப்டம்பர்வரை. தொடக்கத்தில் பால் இன்ஸ் பக்கத்தில். 1995-ல் இன்ஸ் இன்டர் மிலானுக்குப் போன பிறகு நிக்கி பட் பக்கத்தில். பெரிய பொறுப்பு தோளில் ஏறும் காலம் இது. 1997-ல் கேப்டனாக இருந்த கன்டோனா ஓய்வு பெற்றதும் கேப்டன் பட்டை இவர் கைக்கு வந்தது.

நான்காவது துண்டு 1998-ல் தொடங்கும். 1997 செப்டம்பர் 27 அன்று லீட்ஸ் மைதானத்தில் ஆல்ஃப்-இங்கே ஹாலாண்டைத் துரத்திப் போய்க் காலை நீட்டியபோது முழங்காலின் குறுக்குத் தசைநார் அறுந்தது. அந்த சீசன் முழுக்கப் போயிற்று. பட்டத்தை ஆர்சனல் எடுத்துக்கொண்டது. திரும்பி வந்தவர் வேறு ஆட்டக்காரர். கண்மூடித்தனமான ஓட்டம் குறைந்தது, நிற்கும் இடம் சரியானது, பாஸ் எளிமையானது. அவர் உச்சத்தில் இருந்தது 1999, 2000 ஆண்டுகளில்தான் என்பது எங்கள் முடிவு. 2000-ல் சக வீரர்கள் தந்த விருதும் கால்பந்து எழுத்தாளர்கள் தந்த விருதும் அவருக்கே கிடைத்தன.

ஐந்தாவது, 2002-ல் இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு. தற்காப்புக்கு முன்னால் நின்று பந்தை வாங்கிப் பிரித்துக்கொடுக்கும் ஆட்டம். 2005 நவம்பரில் யுனைடெட்டை விட்டு விலகி, அரை சீசன் ஸ்காட்லாந்தின் செல்டிக்கில் ஆடி, 2006 ஜூனில் ஓய்வு.

இந்தப் பக்கத்தை எழுதும்போது எண்களில் ஒரு பொறி இருக்கிறது. யுனைடெட்டுக்கு 326 என்று ஓரிடத்திலும் 480 என்று இன்னோரிடத்திலும் பார்ப்பீர்கள். முதலாவது லீக் மட்டும். அதற்கு 33 கோல். இரண்டாவது கோப்பைகளும் ஐரோப்பாவும் சேர்ந்தது; அதற்கு 51. ஒன்றின் ஆட்டத்தையும் மற்றதன் கோலையும் சேர்த்து வகுத்தால் எல்லாமே தப்பாகும். இன்னொன்று, சீசன்களை நேராக ஒப்பிட முடியாது. இங்கிலாந்தின் மேல் லீக்கில் 1991-92 முதல் 1994-95 வரை ஓர் அணிக்கு 42 ஆட்டங்கள். 1995-96 முதல் 38. முந்தைய சீசனில் 37, பிந்தையதில் 33 ஆடியிருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே பங்குதான்.

எந்த ஆறு ஆட்டங்கள்

புகழ்பெற்ற ஆட்டங்களை மட்டும் எடுத்தால் அவரைக் கடவுளாக்கிவிடுவோம். ஆறில் ஒன்றாவது தோற்றதாக இருக்க வேண்டும். எங்கள் தேர்வு இப்படி:

1994 ஜூன் 18, உலகக்கோப்பை, ஜயன்ட்ஸ் ஸ்டேடியத்தில் அயர்லாந்து 1, இத்தாலி 0. இளமையின் ஓட்டத்தையும் வெயிலில் அது எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பதையும் பார்க்கலாம்.

1996 மே 11, எஃப்.ஏ. கோப்பை இறுதி, யுனைடெட் 1, லிவர்பூல் 0. ஆட்டமாகப் பார்த்தால் சலிப்பு. கன்டோனாவின் கோலைத் தவிர எதுவும் யாருக்கும் நினைவில்லை. ஆனால் தற்காப்புக்கு முன்னால் ஒரு மிட்ஃபீல்டர் எப்படி நிற்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. ஆட்ட நாயகன் கீன்.

1999 ஏப்ரல் 21, சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி, டுரினில் யுவென்டஸ் 2, யுனைடெட் 3.

2000 ஏப்ரல் 19, அதே போட்டியின் காலிறுதி, யுனைடெட்டின் சொந்த மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் ரியல் மாட்ரிட் 3, யுனைடெட் 2. இதுதான் தோல்வி. கீன் சொந்த வலைக்குள்ளேயே பந்தைத் திருப்பிவிட்டார்.

2001 செப்டம்பர் 1, உலகக்கோப்பைத் தகுதிச்சுற்று, லான்ஸ்டவுன் ரோடில் அயர்லாந்து 1, நெதர்லாந்து 0.

2005 பிப்ரவரி 1, ஹைபரியில் ஆர்சனல் 2, யுனைடெட் 4. ஐந்தாவது துண்டுக்கு. ஆட்டத்துக்கு முன்னால் சுரங்கப்பாதையில் ஆர்சனல் கேப்டன் வியேராவோடு நடந்த வாய்ச்சண்டை எல்லோருக்கும் தெரியும். அதைத் தாண்டி விசில் ஊதியதிலிருந்து பாருங்கள்.

காலவரிசையிலேயே பாருங்கள். டுரினை முதலில் பார்த்தால் மற்ற ஐந்தும் அதன் நிழலில் மங்கிவிடும்.

குறிப்புத் தாள்

ஆட்டத்தை பதினைந்து நிமிடத் துண்டுகளாக ஆறாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை. நெடுக்கில் ஏழு பத்திகள் போதும்: முன்னால் கொடுத்த பாஸ், பக்கவாட்டில் கொடுத்தது, பின்னால் கொடுத்தது, இழந்தது, பறித்தது, தெறித்து விழுந்த பந்தை எடுத்தது, எதிரணிப் பெட்டிக்குள் ஓடியது. ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு கோடு. பாஸைப் பொறுத்தவரை எத்தனை தொடுதலில் கொடுத்தார் என்பதைக் கோட்டுக்கு மேல் சிறிய எண்ணாக எழுதுங்கள்: 1, 2, அல்லது அதற்கு மேலென்றால் 3.

ஏழுக்கு மேல் பத்தி போட ஆசை வரும். போடாதீர்கள். எட்டாவதை நிரப்பும் அவசரத்தில் முதல் ஏழும் பிழையாகும்.

‘முன்னால்’ என்பதற்கு ஒரு வரையறை வேண்டும். பந்து போய்ச் சேர்ந்த இடம் புறப்பட்ட இடத்தைவிட எதிரணி கோல் பக்கம் குறைந்தது ஐந்து மீட்டராவது அருகில் இருந்தால் முன்னால், அதே அளவு சொந்த கோல் பக்கம் வந்திருந்தால் பின்னால், இரண்டும் இல்லையென்றால் பக்கவாட்டு. இந்த வரையறையை முதல் ஆட்டத்திலேயே எழுதிவைத்து ஆறு ஆட்டத்துக்கும் மாற்றாமல் வைத்திருங்கள். நடுவில் கை தளர்ந்தால் கடைசி ஆட்டத்தை முதல் ஆட்டத்தோடு ஒப்பிட முடியாது.

தூரத்தை எப்படி அளப்பது? புல்லில் தெரியும் வரிகளை நம்பாதீர்கள். மைதானத்துக்கு மைதானம் அகலம் மாறும். சுண்ணாம்புக் கோடுகள் மாறாது. நடுவட்டத்தின் ஆரம் 9.15 மீட்டர், எனவே குறுக்களவு 18.3. பெனால்டி பெட்டியின் ஆழம் 16.5, அகலம் 40.3. பெனால்டி புள்ளி கோல் கோட்டிலிருந்து 11. இந்த நான்கையும் நோட்டின் மேல் ஓரத்தில் எழுதிவைத்தால் எந்தக் கேமரா கோணத்திலும் ஓரளவு சரியாகக் கணிக்கலாம்.

இன்றைய ஆட்டங்களுக்குக் கிடைப்பதுபோல ஓடிய தூரம், வெப்ப வரைபடம், அழுத்தத்தில் கொடுத்த பாஸ் விகிதம் எல்லாம் இந்த ஆட்டங்களுக்குப் பொதுவெளியில் கிடைக்காது. எங்காவது அப்படி ஓர் எண் கண்ணில் பட்டால் எடுத்துப் போடாதீர்கள். கையால் எண்ணியது சிறியதாக இருந்தாலும் எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

மூன்று முறை பார்ப்பது

முதல் முறை நோட்டை மூடிவைத்து, நிறுத்தாமல். யார் எங்கே நிற்கிறார்கள், எந்த நேரத்தில் ஆட்டம் யார் பக்கம் சாய்ந்தது என்று தெரிந்தால் போதும்.

இரண்டாவது முறை தாளை நிரப்ப. ஒவ்வொரு துண்டு முடிந்ததும் நிறுத்தி, அந்த 15 நிமிடத்தில் அவர் பெரும்பாலும் எங்கே நின்றார் என்பதை ஒரே வரியில் எழுதுங்கள்.

மூன்றாவது முறைதான் முக்கியம். பந்து அவர் காலுக்கு வந்த இருபது தருணங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் ஐந்து வினாடி பின்னால் போங்கள். பந்து வருவதற்கு முன் தலையைத் திருப்பிப் பார்த்தாரா? எத்தனை முறை? உடம்பு எந்தப் பக்கம் திறந்திருந்தது? எந்தக் காலால் வாங்கினார்? அவர் திரையில் இல்லையென்றால் அந்தத் தருணத்தை விட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள். தொலைக்காட்சிக் கேமரா பந்தைத்தான் துரத்தும். பந்து இல்லாத வீரர் பாதி நேரம் திரைச் சட்டத்துக்கு வெளியேதான் இருப்பார். தெரியாததை ஊகித்து நிரப்புவதுதான் இந்த வேலையில் நடக்கும் பெரிய பிழை. அவர் சட்டத்துக்குள் நுழையும் திசையும் வேகமும் தெரியும் அல்லவா, அதை மட்டும் குறிக்கலாம். நடந்து நுழைந்தால் முன்பே சரியான இடத்தில் இருந்திருக்கிறார். தலைதெறிக்க ஓடி நுழைந்தால் எங்கோ தவறிப்போய்த் திரும்பி வருகிறார். நல்ல மிட்ஃபீல்டர் நடந்துதான் சட்டத்துக்குள் வருவார்.

டுரினில் என்ன பார்க்க வேண்டும்

அரையிறுதி இரண்டு ஆட்டங்கள் கொண்டது. முதல் ஆட்டம் ஓல்ட் டிராஃபோர்டில் 1-1. டுரினில் யுவென்டஸின் இன்சாகி 6-வது, 11-வது நிமிடங்களில் இரண்டு கோல் போட்டுவிட்டார். யுனைடெட்டுக்கு நடுவில் இரண்டே பேர், கீனும் பட்டும். எதிரே கொன்டே, டெஷாம்ப், டேவிட்ஸ், அவர்களுக்கு மேலே ஜிடான். எண்ணிக்கையில் யுனைடெட் நடுக்களம் தோற்கத்தான் வேண்டும்.

முதல் 15 நிமிட வரிசையைப் பாருங்கள். கீனின் கோடுகள் குறைவாக இருக்கும். பிறகு 11-வது நிமிடத்துக்கும் 24-வது நிமிடத்துக்கும் இடையிலான பகுதியைத் தனியாக எடுத்து இரண்டு முறை பாருங்கள். இரண்டு கோல் பின்தங்கிய அணி வழக்கமாகச் செய்வது நீளப் பந்து அடிப்பது. கீன் தற்காப்பு வீரரிடம் போய்ப் பந்தைக் கேட்டு வாங்குகிறார், பத்துப் பன்னிரண்டு மீட்டர் தூரத்தில் இருப்பவருக்குக் கொடுக்கிறார், உடனே அடுத்த பாஸ் வாங்கக்கூடிய இடத்துக்கு நகர்கிறார். ஒவ்வொன்றாகப் பார்த்தால் சாதாரண பாஸ்தான். அணி மூச்சு வாங்க நேரம் கிடைத்தது இப்படித்தான். தொடுதல் எண்களைக் கவனியுங்கள்: ஒன்றும் இரண்டுமே நிறைந்திருக்கும்.

24-வது நிமிடத்தில் பெக்கம் அடித்த கார்னரைத் தலையால் தட்டி உள்ளே போட்டார். கோலைப் பார்ப்பதற்கு முன் கார்னர் அடிக்கப்படும் கணத்தில் நிறுத்துங்கள். அவர் எங்கிருந்து ஓட்டத்தைத் தொடங்குகிறார் என்று பாருங்கள். நின்ற இடத்திலிருந்து குதிப்பவரை மார்க் செய்வது எளிது. ஓடிவந்து குதிப்பவரைப் பிடிக்க முடியாது.

33-வது நிமிடத்தில் ஜிடானைத் தடுத்ததற்கு மஞ்சள் அட்டை. அந்தத் தொடரின் முந்தைய ஆட்டங்களில் ஏற்கெனவே வாங்கிய அட்டை இருந்ததால் பார்சலோனாவில் நடக்கும் இறுதி ஆட்டம் அவருக்கு இல்லை என்று அப்போதே முடிவாகிவிட்டது. இங்கே பாடம் ஒன்று இருக்கிறது. அந்த ஃபவுலுக்குக் காரணம் சக வீரர் ப்ளோம்க்விஸ்ட் கொடுத்த சரியில்லாத பாஸ். பந்து தன்னிடமிருந்து விலகிப்போகும்போது மிட்ஃபீல்டருக்கு இரண்டு வழி: பின்வாங்கி எதிராளியைத் தாமதப்படுத்துவது, அல்லது உடனே காலை நீட்டுவது. அவர் இரண்டாவதை எடுத்தார். இளம் வீரர்களுக்கு இந்தக் காட்சியைக் காட்டும்போது வீரத்தை மட்டும் சொல்லாமல் இந்த இரண்டு வழியையும் நிறுத்திக் காட்டுங்கள்.

அதற்குச் சற்று நேரத்தில் யுனைடெட்டின் யார்க் தலையால் அடித்து 2-2 ஆக்கினார். அட்டைக்குப் பிறகான 57 நிமிடத்தை அட்டைக்கு முன்னாலான 33 நிமிடத்தோடு ஒப்பிடுங்கள். பறித்த பந்துகள் குறையவில்லை என்றால், இன்னொரு அட்டை வாங்காமல் எப்படிப் பறித்தார்? எதிராளி பந்தை வாங்கிய பிறகு மோதாமல், பாஸ் வரும் பாதையில் முன்கூட்டியே நின்று எடுத்திருக்கிறார். பிற்பகுதியில் கோல் வந்து 3-2 என்று முடிந்தது. அந்த மூன்றாவது கோலில் கீனுக்குப் பங்கில்லை என்பதையும் எழுதிவையுங்கள்.

இதோடு மாட்ரிட் ஆட்டத்தைப் பக்கத்தில் வைக்க வேண்டும். அங்கே அவருடைய சொந்த கோலைவிட இரண்டாம் பாதியின் தொடக்கம் முக்கியம். மாட்ரிட்டின் ரெடோன்டோ ஓரக்கோடுவரை போய்க் குதிகாலால் யுனைடெட் தற்காப்பு வீரர் பெர்க்கைத் தாண்டி ராவுலுக்குக் கொடுத்த அந்தப் பந்து எல்லோர் கண்ணிலும் நிற்கிறது. அதற்குப் பதினைந்து வினாடி முன்னால் போய்ப் பாருங்கள்: யுனைடெட் நடுக்களம் முழுக்க மேலே ஏறிவிட்டிருக்கும், பின்னால் பரந்த வெற்றிடம். மாட்ரிட் மூன்று தற்காப்பு வீரர்களோடு இறங்கி நடுவில் ஆட்களைக் கூட்டியிருந்தது. டுரினில் ஓட்டத்தால் ஈடுகட்டிய ஆள்குறை இங்கே ஈடாகவில்லை. இருவர் மட்டும் நிற்கும் நடுக்களத்தின் எல்லை இந்த இரண்டு ஆட்டங்களுக்கு நடுவில்தான் இருக்கிறது.

அயர்லாந்துச் சட்டையில்

நெதர்லாந்து ஆட்டத்தில் முதல் நிமிடத்திலேயே ஓவர்மார்ஸ் மீது ஒரு கடுமையான டேக்கிள். அதோடு அவரை மதிப்பிட்டு முடித்துவிடுவார்கள் பலர். இரண்டாம் பாதியில் கேரி கெல்லி சிவப்பு அட்டை வாங்கி வெளியேறிய பிறகு அயர்லாந்து பத்துப் பேரோடு ஆடியது; மெக்கடீர் கோல் அதற்கப்புறம்தான் வந்தது. எண்ண வேண்டியது அங்கிருந்துதான்.

யுனைடெட்டில் அவர் பாஸ் கொடுத்தால் வாங்க பெக்கம், கிக்ஸ், ஸ்கோல்ஸ் இருந்தார்கள். அயர்லாந்தில் பந்து அவரைத் தாண்டி மேலேயே பறந்தது, அல்லது அவரே எடுத்துக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. எனவே ‘தெறித்து விழுந்தது’ என்ற பத்தி இங்கே தடித்திருக்கும், ‘பக்கவாட்டு’ மெலிந்திருக்கும். ஒரே வீரரின் எண்கள் அணியைப் பொறுத்து இப்படி மாறும் என்பதை நேரில் பார்த்தவர் அதற்கப்புறம் எந்த வீரரையும் ஒற்றைச் சதவீதத்தில் அடக்க மாட்டார். 2002 உலகக்கோப்பைக்கு முன் சைபான் தீவில் நடந்த பயிற்சி முகாமிலிருந்து, பயிற்சியாளரோடு மோதி, அவர் வீடு திரும்பியது பற்றி அயர்லாந்தில் இன்றும் வீட்டுக்கு வீடு இரண்டு கட்சி உண்டு. இந்தத் தாளுக்கு அது தேவையில்லை. 2002-லிருந்து 2004 வரை தேசிய அணிப் பத்தியில் வெற்றிடம் என்று குறித்தால் போதும்.

விதி மாறிய ஆண்டுகள்

பழைய ஆட்டத்தை இன்றைய விதியால் அளந்தால் தப்பாகும். 1992 கோடைக்கு முன் சக வீரர் காலால் திருப்பிக்கொடுத்த பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுக்கலாம். அழுத்தம் வந்தால் தப்பிக்க எளிய வழி இருந்தது. அந்த விதி வந்த பிறகுதான் பின்னால் இறங்கிப் பந்து வாங்கும் மிட்ஃபீல்டருக்கு மதிப்பு ஏறியது. பின்னாலிருந்து வரும் டேக்கிளுக்கான கண்டிப்பு 1998 உலகக்கோப்பையோடு இறுகியது. கீனின் 1994 டேக்கிள்களில் சில இன்று நேரடிச் சிவப்பு. அவற்றை இன்று ஒரு பதினாறு வயதுப் பையனுக்கு மாதிரியாகக் காட்டக் கூடாது.

அட்டைகளைப் பற்றி ஒளிக்காமல் எழுதுங்கள். 2001 ஏப்ரலில் ஹாலாண்டைத் தாக்கியதற்காகச் சிவப்பு அட்டை. பின்னால் அது வேண்டுமென்றே செய்தது என்ற முடிவில் மேலும் 5 ஆட்டத் தடையும் 1,50,000 பவுண்டு அபராதமும் விதிக்கப்பட்டன. இதை ‘போர்க்குணம்’ என்று பூசி மெழுகுவது வீரருக்கும் நேர்மையில்லை, படிக்க வரும் பையன்களுக்கும் நேர்மையில்லை. வெளியே உட்கார்ந்த ஒவ்வோர் ஆட்டத்திலும் அணிக்கு நடுக்களம் இல்லை, அவ்வளவே.

தாளிலிருந்து களத்துக்கு

ஆறு ஆட்டம் முடிந்ததும் மூன்று விஷயங்கள் பளிச்சென்று தெரியும்: முன்கூட்டிப் பார்ப்பது, இணையோடு இடைவெளி காப்பது, தாமதமாகப் பெட்டிக்குள் ஓடுவது. மூன்றையும் பயிற்சியாக்கலாம்.

முதலாவதுக்கு 10 மீட்டர் சதுரம், வெளியே நான்கு பேர், உள்ளே இரண்டு பேர், இரண்டு தொடுதல் மட்டும். இதுவரை எல்லோரும் செய்வது. கூடுதலாக ஒன்று: பந்து தன்னை நோக்கி வரும்போது பயிற்சியாளர் பின்பக்கத்தில் விரல் காட்டுவார், வாங்குவதற்கு முன் எத்தனை விரல் என்று உரக்கச் சொல்ல வேண்டும். நான்கு நிமிடம், ஒரு நிமிட ஓய்வு, நான்கு சுற்று. முதல் வாரத்தில் பந்து காலை விட்டுத் துள்ளும். பையன்கள் பந்து காலுக்கு வந்த பிறகு தலையைத் தூக்குவதுதான் காரணம். பாஸ் கொடுப்பவர் காலைப் பின்னால் இழுக்கும் கணத்தில் திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த அரை வினாடியில் பந்து எங்கும் போகாது.

இரண்டாவதுக்கு நடுக்கள இணை இருவரை 40 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம் உள்ள களத்தில் எதிரணி மூவருக்கு எதிராக நிறுத்துங்கள். இருவருக்கும் நடுவே 10 முதல் 15 மீட்டர். ஒருவர் பந்தை நோக்கிப் போனால் மற்றவர் அவருக்குப் பின்னால் சாய்வாக நடுவுக்கு வர வேண்டும். இருவரும் ஒரே கோட்டில் நின்றால் ஒரே பாஸ் இருவரையும் வெட்டிவிடும். இருவரும் சேர்ந்து பாய்ந்தால் பின்னால் மாட்ரிட் ஆட்டத்தில் பார்த்த வெற்றிடம். யார் போவது என்பதை வாயால் சொல்லும் பழக்கம் கட்டாயம். கீன் ஆட்டம் முழுக்கக் கத்திக்கொண்டே இருந்ததற்குப் பாதிக் காரணம் கோபம் என்றால் மீதிப் பாதி இதுதான்.

மூன்றாவதுக்குக் கோல் கோட்டிலிருந்து 25 மீட்டரில் ஒரு கோன், பெட்டிக் கோட்டில் இன்னொன்று. ஓரத்தில் ஒருவர் பந்தோடு ஓடுகிறார். மிட்ஃபீல்டர் முதல் கோனிலேயே நிற்க வேண்டும். ஓரத்தில் இருப்பவர் கிராஸ் அடிக்கத் தலையைக் குனியும்போதுதான் புறப்பட வேண்டும். கிட்டத்தட்ட எல்லோரும் முன்னதாகவே ஓடி, பந்து வரும்போது தற்காப்பு வீரர் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார்கள். பெட்டிக் கோட்டுக்கு மேல் நின்று காத்திருந்தால் அந்த முயற்சி கணக்கில் இல்லை என்று விதி வையுங்கள், இரண்டே வாரத்தில் சரியாகிவிடும். 1999 ஆகஸ்ட் 22 அன்று ஹைபரியில் ஆர்சனலை 2-1 என்று வென்றபோது இரண்டு கோலும் கீன் போட்டது. இந்த ஓட்டத்தைக் காட்ட அந்த இரண்டு காட்சி மட்டும் போதும், இங்கே முழு ஆட்டம் தேவையில்லை.

காயத்திலிருந்து திரும்பும் வீரர்களுக்கு 1998-99 சீசனின் தொடக்க ஆட்டங்களைத் தனியாகப் பார்க்கச் சொல்வோம். முழங்கால் தசைநார் அறுந்தவர் பெரும்பாலும் பழைய ஓட்டத்தை அப்படியே மீட்கப் பார்ப்பார். கீனின் தாளில் அந்தக் காலத்தில் பாய்ந்து பறித்தது குறைந்து, நின்று பறித்தது கூடியிருக்கும். உடம்பு மாறும்போது ஆட்டத்தையும் மாற்றிக்கொண்டதால்தான் அதற்குப் பிறகும் ஏழு ஆண்டுகள் மேல்மட்டத்தில் நீடித்தார்.

இதே தாளை வேறோர் அயர்லாந்துக்காரர் மேல் போட்டுப் பார்க்க விரும்பினால் வெஸ் ஹூலஹனை எடுங்கள். டப்ளின்காரர், ஷெல்போர்னில் தொடங்கி ஸ்காட்லாந்தின் லிவிங்ஸ்டன், பிளாக்பூல் வழியாக 2008-ல் நார்விச்சுக்குப் போய் அங்கே பத்து ஆண்டுகள் ஆடியவர். கீனுக்கு நேர் எதிர் வகை: பறிப்பவர் அல்ல, கோடுகளுக்கு நடுவில் நின்று வாங்கித் திரும்புபவர். 2016 யூரோவில் (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) ஜூன் 13 அன்று சுவீடனுக்கு எதிரான முழு ஆட்டம், ஜூன் 22 அன்று லீலில் இத்தாலிக்கு எதிராக அவர் மாற்று வீரராக இறங்கிய கடைசிப் பகுதி, இரண்டும் போதும். லீலில் தனியாகக் கிடைத்த வாய்ப்பைக் கோல்கீப்பர் கையில் கொடுத்தார். சற்று நேரத்திலேயே 85-வது நிமிடத்தில் அவர் தூக்கிப் போட்ட பந்தைத்தான் ராபி பிரேடி தலையால் அடித்துக் கோலாக்கினார். தாளில் ‘பறித்தது’ பத்தியை நீக்கிவிட்டு அந்த இடத்தில் ‘வாங்கியதும் முன்பக்கம் திரும்பியது’ என்று போட்டுக்கொள்ளுங்கள். மற்ற ஆறும் அப்படியே இருக்கலாம்.